விடாத நரம்பு வலி: மருத்துவர் பதில்கள்

நரம்பு வலி குறித்துக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான வருத்தத்தையே சொல்கின்றன: எத்தனை மாத்திரை விழுங்கியும் வலி குறையவில்லை, பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை, வீட்டில் இருப்பவர்களே நம்ப மறுக்கிறார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே நாள்பட்ட வலி என்கிறோம். அத்தகைய வலியோடு வாழ்கிறவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு நரம்பியல் மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார். இதில் வரும் மருந்துகளையும் அளவுகளையும் பார்த்து யாரும் தாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எனக்கு வயது 63. சர்க்கரை நோய் வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. இரவில் இரண்டு பாதங்களும் திகுதிகுவென்று எரிகின்றன. போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. ஆனால் சென்ற மாதம் காலில் முள் குத்தியதே எனக்குத் தெரியவில்லை. தரையில் இரத்தக் கறையைப் பார்த்துப் பேத்திதான் சொன்னாள். மரத்துப்போன கால் எப்படி எரியும் என்று என் கணவர் கேட்கிறார். வலி மாத்திரைகளும் கேட்கவில்லை. ஏன் டாக்டர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

அம்மா, உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. இந்த நோயின் இயல்பு முழுவதும் அதற்கான விடையில்தான் இருக்கிறது. உடலில் எங்கோ அடிபட்டிருக்கிறது, வெந்திருக்கிறது, வீங்கியிருக்கிறது என்று நரம்புகள் மூளைக்கு அனுப்பும் செய்தியே சாதாரண வலி. நரம்பு வலியிலோ, அந்தச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பே பழுதுபட்டிருக்கிறது. பழுதான இழைகளில் பல, வெளியிலிருந்து வரும் உணர்ச்சியைக் கடத்தும் திறனை இழந்துவிடுகின்றன. முள் குத்தியது உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். எஞ்சியிருக்கும் இழைகளோ, அவற்றின் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் சீர்கெட்டுவிடுவதால், யாரும் தொடாமலே தாமாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பை மூளை எரிச்சலாகவும் குத்தலாகவும் உணர்கிறது. மாதக்கணக்கில் இப்படிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவடத்து நரம்பணுக்களும் அளவுக்கு மீறிக் கூர்மையடைந்து, போர்வையின் உரசலைக்கூட வலியாக்கி மேலே அனுப்பத் தொடங்குகின்றன. தீபாவளி வெடிச் சத்தத்துக்கே அலறும் தெருவோரக் கார்களை நினைத்துக்கொள்ளுங்கள்: திருடன் எவனும் வரவில்லை, ஆனால் அலாரம் உண்மையாகவே அடிக்கிறது. உங்கள் வலியும் அவ்வாறே முற்றிலும் உண்மையானது.

டைக்ளோபினாக் போன்ற வலி நிவாரணிகள், அழற்சி கண்ட திசுக்களில் சுரக்கும் வேதிப்பொருள்களைக் குறைத்து வேலை செய்பவை. உங்கள் பாதத்தில் அழற்சியே இல்லாதபோது அவற்றுக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்ய அவை தவறுவதில்லை. 15 ஆண்டுகள் சர்க்கரையோடு இருக்கும் ஒருவர் அவற்றை நாள்தோறும் விழுங்குவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். இன்றே நிறுத்திவிடுங்கள்.

உடலிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், இந்த நோய் கால் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிவது போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்கும். மருத்துவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும், குண்டூசி முனையாலும் உங்கள் பாதத்தைச் சோதித்தாலே பெரும்பாலும் நோய் புலப்பட்டுவிடும். நரம்புக் கடத்தல் சோதனை பருமனான இழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் அகப்படுவதில்லை. ஆகவே, அந்த அறிக்கை இயல்பாக வந்தது என்பதைக் காட்டி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று எவரும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக மற்றக் காரணங்களைத் தேடாமல் விடுவதும் தவறு. வைட்டமின் பி12 அளவு, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்கள் என்றால் மதுப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது அடிப்படை என்பதை நீங்கள் அறிவீர்கள். நெடுங்காலம் உயர்ந்தே இருந்த சர்க்கரையை மளமளவென்று குறைத்தாலும் வலி புதிதாகக் கிளம்பும் என்பதைப் பலர் அறிவதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு, அந்தக் குறுகிய காலத்துக்குள் 2 புள்ளிகளுக்கு மேல் சரிந்தவர்களிடம் இதைக் காண்கிறோம். அதற்காகச் சிகிச்சையைக் கைவிடக் கூடாது. அந்த வலி பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல அடங்கிவிடும்.

எரிச்சலைவிட மரத்துப்போதலே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்டு உலகுக்கு எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அது அப்படியே பொருந்தும். நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தரையை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீடு திரும்பிக் கொப்புளத்தைப் பார்த்த பிறகே சூட்டை அறிந்தவர்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகிறார்கள். சாமி கும்பிட அதிகாலையில் செல்லுங்கள். எரிச்சல் தணியட்டும் என்று வெந்நீரில் கால் வைப்பதும், பனிக்கட்டியை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அணியுங்கள். படுக்கப் போகுமுன் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் பாருங்கள். கண் தெளிவில்லை என்றால் அந்தப் பேத்தியையே பார்க்கச் சொல்லுங்கள்.

கால் எரிச்சலுக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் அது மனச்சோர்வு மாத்திரை என்றார். ஐந்து நாள் சாப்பிட்டேன்; வாய் உலர்ந்துபோனதுதான் மிச்சம், வலி குறையவில்லை. நிறுத்திவிட்டேன். நண்பருக்குக் கொடுத்த பிரிகாபாலின் வலிப்பு மாத்திரையாம். எங்களுக்கு மனநோயா, வலிப்பா?
– பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

இரண்டும் இல்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் சில நரம்புப் பாதைகள், கீழிருந்து வரும் வலிச் செய்தியை வழியிலேயே அடக்குகின்றன. நார் அட்ரினலின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்களே அவற்றின் கருவிகள். அவ்விரண்டின் அளவையும் கூட்டும் அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செடின் ஆகியவை மனச்சோர்வுக்கும் உதவுகின்றன, வலிக்கும் உதவுகின்றன. மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைவதால், அவை வலியின் மீது நேராகவே வேலை செய்கின்றன என்பது தெளிவு. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மி.கி. அல்லது அதற்கு மேலும் தேவைப்படும்; உங்களுக்கு எழுதப்பட்டதோ 10 மி.கி. வலிப்புக்காக வந்த கேபாபென்டினும் பிரிகாபாலினும், பரபரப்படைந்த நரம்பு முனைகளின் கால்சியம் வாயில்களில் ஒட்டிக்கொண்டு, வலியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் அங்கிருந்து கசிவதைக் குறைக்கின்றன. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அரைகுறையாகச் சொன்னதுதான் கேடு.

ஐந்து நாளில் நிறுத்தியது அவசரம். காய்ச்சல் மாத்திரை போல விழுங்கிய ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் மருந்துகள் அல்ல இவை. குறைந்த அளவில் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி, தாங்கக்கூடிய அளவை எட்டிய பிறகும் இரண்டு வாரங்களாவது பொறுத்திருந்துதான், அதாவது ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத்தான், ஒரு மருந்து பயன்பட்டதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் மருந்து பயன்படாவிட்டால் வேறு வகைக்கு மாற்றுவோம், அல்லது இரண்டைச் சிறு அளவில் சேர்ப்போம். இந்த மருந்துகள் எல்லோருக்கும் கேட்பவை அல்ல என்பதையும், கேட்டவர்களில்கூட வலி அடியோடு ஒழிவது அரிது என்பதையும் முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். வலி பாதியாகக் குறைந்தால் அது நல்ல வெற்றி. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே தூக்கமும் நடையும் திரும்புகின்றன. பூச்சியமாக வேண்டும் என்று மருத்துவர் மாற்றி மருத்துவர் அலைகிறவர்கள், கையில் கிடைத்த பாதியையும் இழந்துவிடுகிறார்கள்.

பக்க விளைவுகளையும் அறிந்திருங்கள். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், காலையில் மந்தமாக வைக்கும். படுக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே போட்டுக்கொண்டால் மந்தம் குறையும். புராஸ்டேட் வீக்கம், சில வகைக் கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. பிரிகாபாலினால் தலைசுற்றலும் கால் வீக்கமும் எடை கூடுதலும் வரலாம். அது சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். இவற்றைத் தொடங்கிய நாள்களில் இரு சக்கர வாகனம் ஓட்டாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும் அபாயம் உண்டு. பல வாரங்கள் சாப்பிட்ட பின் ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது. படிப்படியாகவே இறங்க வேண்டும். மருந்துச் சீட்டில்லாமல் யாராவது இவற்றை விற்க முன்வந்தால், அந்தக் கடையை மாற்றிவிடுங்கள்.

மருத்துவரிடம் மறுபடியும் செல்லும்போது ஒரு நோட்டில், ஒவ்வோர் இரவும் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், அன்று எவ்வளவு நடந்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். "அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்கிறவரின் நோட்டில் 8 என்பது 5 ஆகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கின்றன. என் கால் கடுப்பு நரம்பு வலிதானே?
– பேருந்து நடத்துநர், சேலம்

சுருண்டு தெரிபவை நரம்புகள் அல்ல; இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள். நெடுநேரம் நிற்பவர்களுக்கு மாலையில் கனமும் கடுப்பும் தந்து, காலை உயர்த்திப் படுத்தால் தணிவது அவற்றின் குணம். நீங்கள் பார்க்க வேண்டியவர் இரத்தக்குழாய் அறுவை மருத்துவர்.

72 வயதான என் தந்தைக்கு நெஞ்சின் ஒரு பக்கம் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி வேளாரிடம் காவியால் எழுதிக்கொண்டார்; புண் ஆறிவிட்டது. ஐந்து மாதம் ஆகியும் அந்த இடம் எரிகிறது. சட்டை போட முடியாமல் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். இதற்குத் தடுப்பூசி உண்டா?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

உங்கள் தந்தைக்குச் சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி அவர் உடலை விட்டுப் போகவே இல்லை. தண்டுவடத்துக்கு அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கியிருக்கிறது. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவது அதனால்தான். கொப்புளம் எழுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி தொடங்கிவிடுவதால், நெஞ்சில் வந்தால் மாரடைப்போ என்று அஞ்சி ஓடுகிறவர்களும் உண்டு. தோல் சில வாரங்களில் எப்படியும் ஆறிவிடும். காவி எழுதியவர்களுக்கும் ஆறும், எழுதாதவர்களுக்கும் ஆறும். கிருமி நரம்பைக் கடிப்பதைக் காவி தடுக்காது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்க வேண்டும். வேளாரிடம் போகக் கூடாது என்று நான் சண்டையிடுவதில்லை. போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அன்றைக்கே போய்விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண் மருத்துவரையும் உடனே பார்க்க வேண்டும்.

இப்போது அவருக்கு இருப்பது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன மருந்துகளே இதற்கும் பொருந்தும். இந்த வயதில் இன்னும் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் முழுமையாக ஆறியிருப்பதால் தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஒட்டுப்பட்டையும், மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் களிம்பும் பயன்படலாம். காரத்தையும் சூட்டையும் ஒரே வாயிலின் வழியாக நரம்பு உணர்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த வாயிலைத் தொடர்ந்து தூண்டிக் களைப்படையச் செய்வதே களிம்பின் வேலை. முதல் சில நாள்கள் எரிச்சல் கூடத்தான் செய்யும். அதற்காகச் சமையலறை மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். உடைக்கு ஒரு யோசனை: தொளதொளத்த சட்டை உரசிக்கொண்டே இருப்பதால், உடலோடு ஒட்டிய மெல்லிய பருத்தி பனியன் சிலருக்கு இதமாக இருக்கிறது.

தடுப்பூசி உண்டு. 50 வயதைக் கடந்தவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடப்படும் ஊசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, விலை கூடுதல்தான். இருக்கும் வலியை அது குறைக்காது. மறுபடியும் அக்கி வருவதைத் தடுக்க உங்கள் தந்தைக்கும், வயதானால் உங்களுக்கும் அது உதவும்.

வலது கன்னத்தில் மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்று வெட்டி இழுக்கிறது. பல் துலக்கினாலும், முகத்தில் மின்விசிறிக் காற்று பட்டாலும் வருகிறது. இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் பயனில்லை.
– இல்லத்தரசி, நாகர்கோவில்

மூன்றாவது பல்லைத் தொட விடாதீர்கள். ஒரு பக்க முகத்தில் சில நொடிகளே நீடித்து, தொடுதலாலோ மெல்லுவதாலோ காற்றாலோ கிளம்பும் இத்தகைய வலி பெரும்பாலும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் முகநரம்பு வலியாக இருக்கும். மூளைத்தண்டை விட்டு நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு தமனி அதன் மீது அழுத்திக்கொண்டே துடிப்பதால், நரம்பின் மேலுறை தேய்ந்துபோவதே வழக்கமான காரணம். கட்டி முதலான வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். 1960-களிலிருந்து இதற்கு முதல் மருந்து கார்பமாசெபின். மற்ற நரம்பு வலிகளுக்கு அவ்வளவாக உதவாத அந்த மருந்து, இந்த வலியை வியக்கத்தக்க அளவில் அடக்கும். ஆனால் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கக்கூடும். இரத்த அணுக்களையும் சோடியம் அளவையும் இடையிடையே பார்க்க வேண்டும். மருந்து கைவிட்டால், தமனியை நரம்பிலிருந்து விலக்கி இடையில் மென்மையான திண்டு வைக்கும் அறுவை சிகிச்சை பலருக்கு நீண்டகால விடுதலை தருகிறது.

சர்க்கரைப் புண்ணால் என் அண்ணனின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத கால் விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிக்கின்றன என்கிறார். மனம் பேதலித்துவிட்டதோ என்று அண்ணி அழுகிறார்.
– பெயர் வேண்டாம், விழுப்புரம்

அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வலி ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. கால் போனாலும், மூளையில் அந்தக் காலுக்குரிய பகுதி அப்படியே இருக்கிறது; வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்காக 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். அதே முறையைக் காலுக்கும் செய்யலாம். உங்கள் அண்ணனை நிமிர்ந்து உட்கார வைத்து, நீளமான நிலைக்கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கால் இருந்த இடத்தில் இருப்பதாகத் தோன்றும். நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்து மடக்கிக்கொண்டே, இரண்டு கால்களும் அசைவதாக எண்ணி அந்தப் பிம்பத்தையே 15 நிமிடம் பார்க்கட்டும். நாள்தோறும், நான்கு வாரங்களாவது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலித்தவர்களுக்கு விரல்களின் முறுக்கம் தளர்கிறது. இயன்முறை மருத்துவர் ஒருவர் முதலில் உடனிருந்து சொல்லிக் கொடுத்தால் நல்லது. குறைக்காலின் நுனியில் தொட்டால் சுண்டி இழுக்கும் முடிச்சு இருக்கிறதா, செயற்கைக் கால் சரியாகப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை வேறு வகை வலிகள், அவற்றைத் தனியாகச் சரிசெய்ய முடியும்.

வாரம் ஒரு நரம்புச் சத்து ஊசி போட்டுக்கொள்கிறேன். சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்பார்மின் எட்டு ஆண்டுகளாக எடுத்துவருகிறேன், சைவ உணவு. கால் மதமதப்பு போகுமா? நடைப்பயிற்சி செய்யலாமா?
– மளிகைக் கடை உரிமையாளர், ஈரோடு

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பாதத்தில் புண் இல்லை என்றால் சரியான காலணியோடு நடப்பது வலியையும் தூக்கத்தையும் ஒருசேரச் சீராக்கும். புண் இருந்தால் அது ஆறும்வரை உட்கார்ந்த நிலையில் செய்யும் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெடுநாள் மெட்பார்மினும், பால் தவிர விலங்குணவு இல்லாத சாப்பாடும் பி12 குறைவுக்குப் பெரிய காரணங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் இன்னும் குறையும். குறைவு உண்மையாக இருந்தால் பி12 ஊசி அருமருந்து. மதமதப்பு தொடங்கிச் சில மாதங்களுக்குள் கொடுத்தால் நரம்பு பெருமளவு மீள்கிறது, ஆண்டுகள் கடந்துவிட்டால் மேலும் கெடாமல் நிற்கிறது. குறைவே இல்லாதவருக்கு வாரந்தோறும் ஊற்றுவதால் வலி தணியும் என்று நான் நம்புவதில்லை. உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பி6 எனப்படும் பிரிடாக்சினின் அளவைப் பாருங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களின் நரம்பைக் காக்கும் அதே பி6, பெரிய அளவில் பல மாதங்கள் தொடர்ந்தால் தானே நரம்பைக் கெடுத்து, நீங்கள் சொல்லும் அதே மதமதப்பைத் தரும். ஊசியும் மாத்திரையும் சேர்ந்து உடலுக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 அளவைப் பரிசோதிக்கும்போது, ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுங்கள். புதிதாகப் போட்டிருந்தால், திசுக்களில் குறைவு இருந்தாலும் இரத்தத்தில் அளவு உயர்ந்தே காட்டும்.